யுத்தப் படங்களும் தோட்டத் தமிழரும்

சினிமா வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் பலர் உளர். அன்னோர் மலாயாவின் யுத்தகாலச் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பாராக. ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை அமைக்க ஆள் தேடிய நாட்களில், இலவசப் படக்காட்சி என்று அறிவித்து மக்களைக் கொட்டகைக்குள் வரவழைத்து, கதவுகளை அடைத்து, உள்ளிருந்த ஆண்களை ரயிலேற்றி அனுப்பியதும் உண்டென்று வரலாற்றாசிரியர் எழுதியிருக்கின்றனர். படம் பார்க்கப் போனவன் வீடு திரும்பவில்லை. சினிமாவைக் காட்டி இழுத்துச் செல்லப்பட்ட ஒரு சமூகத்துக்கு, யுத்தம் முடிந்த பின்னர் அந்தச் சினிமா என்ன நியாயம் செய்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர் அங்கு உழைத்தனர். 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ சுமார் 2,00,000 பேர். மாண்டோர் 90,000 பேர் வரை இருக்கலாமென மதிப்பிடுகின்றனர். மலாயாவிலிருந்து சென்றோரில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர். ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனமையால் தோட்டங்களில் வேலையில்லை, அரிசியுமில்லை. கூலி கிடைக்கும் என்ற ஆசை வார்த்தையை நம்பிச் சென்றோர் சிலர். பிடித்திழுத்துச் செல்லப்பட்டோர் பலர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கொன்று குவித்தன. போர்க்கைதிகளுக்குத் தம் படையைச் சேர்ந்த வைத்தியராவது உடனிருந்தனர்; பெயர்ப்பட்டியல் இருந்தது; காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகளும் உள்ளன. தமிழ்க் கூலிக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை.

இப்பாதையை உலகறியச் செய்தது 1957-ல் டேவிட் லீன் இயக்கிய ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ என்னும் படம். மூலக்கதையை எழுதிய பியேர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் மலாயா ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். படம் பிடித்த இடமோ இலங்கையின் கித்துல்கலை. ஏழு ஆஸ்கார் பரிசுகளும் பெற்றது. தோட்டத்தை அறிந்தவர் எழுதிய கதை. தமிழர் வாழும் தீவில் எடுத்த படம். எனினும் தோட்டத் தமிழனுக்கு அதில் இடமில்லை. கலையில் அது குறைந்ததன்று. கடமை என்ற பெயரால் பகைவனுக்கே பாலம் கட்டித் தரும் அதிகாரியின் மனமயக்கத்தை அது கூர்மையாகக் காட்டுகிறது. ஆகவே பார்க்கத்தக்கதே. ஆயின், பாதையின் முழு வரலாறும் இதுவே என்று கொள்வது பெரும்பிழையாகும்.

யுத்தத்தின் பின்விளைவைக் காண விரும்புவோர் 2013-ல் வந்த ‘தி ரெயில்வே மேன்’ படத்தைப் பார்க்கலாம். சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட எரிக் லோமாக்ஸ் என்பவரின் மெய்க்கதை அது. சித்திரவதையின் நினைவு பல்லாண்டு கழிந்தும் அவர் இல்லறத்தைக் குலைக்கிறது. இறுதியில், தம்மை விசாரித்தபோது மொழிபெயர்ப்பாளராய் நின்ற ஜப்பானியரைச் சந்தித்து மன்னிக்கிறார். நம் தோட்டங்களுக்குத் திரும்பி வந்தோரும் இத்தகைய வேதனையைச் சுமந்திருப்பர் அன்றோ? அவர்கள் வாய்மொழியைக் கேட்டு எழுதியவரோ மிகச் சிலர்.

இனிச் சிங்கப்பூரையே நோக்குவோம். சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள பேரர் பார்க் திடலில் 1942 பிப்ரவரி 17-ல் பல்லாயிரம் இந்தியப் போர்வீரர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். 1939-ல் திறக்கப்பட்ட கத்தே கொட்டகையில்தான் 1943 ஜூலை 4-ல் நேதாஜி இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21-ல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்ததும் அங்கேயே. மறுநாள் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் வைத்தியம் செய்துவந்த டாக்டர் லட்சுமி அதன் தலைவி. பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள் பலர் அப்படையில் துப்பாக்கி ஏந்தினர். ஷியாம் பெனகல் எடுத்த நேதாஜி படத்திலும், 2020-ல் வெளியான கபீர் கானின் ‘தி ஃபர்காட்டன் ஆர்மி’ தொடரிலும் அக்காலத்தை ஒருவாறு காணலாம்.

அதே 1943-ல், ஜப்பானிய ராணுவம் ஓசு யசுஜிரோ என்னும் புகழ்பெற்ற இயக்குநரை இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றிப் படமெடுக்கச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. அப்படம் முற்றுப்பெறவில்லை. ஜப்பான் தோற்றபோது எடுத்தவற்றை அவர் எரித்துவிட்டார் என்பர். 1946-ல் நாடு திரும்பிய அவர் 1953-ல் ‘டோக்கியோ கதை’ என்ற படத்தை எடுத்தார். அதில் பீரங்கியில்லை, படையில்லை. யுத்தத்தில் மகனை இழந்த தாய், தனித்து வாழும் மருமகளை மறுமணம் செய்துகொள்ளும்படி தானே வேண்டுகிறாள். விதவையை மூலையில் அமர்த்தி வைத்த நம் சமூகத்தார் இக்காட்சியைக் குடும்பத்தோடு அமர்ந்து பார்த்தல் நலம்.

தமிழ்ப் படங்களில் 1952-ல் வெளிவந்த ‘பராசக்தி’யைக் குறிப்பிடாதிருத்தல் இயலாது. ஜப்பானியர் படையெடுத்தபோது பர்மாவிலிருந்து ஏறக்குறைய 5,00,000 இந்தியர் வெளியேறினர். காட்டு வழியில் பல்லாயிரவர் மடிந்தனர். அக்கொடுமையால் சிதறிய ரங்கூன் தமிழ்க் குடும்பமே ‘பராசக்தி’யின் கரு. ஒரு தம்பிக்குக் கப்பலில் இடம் கிடைக்கிறது. இன்னொருவன் காலை இழந்து பிச்சையெடுக்கிறான். தங்கை கைம்பெண்ணாகித் தவிக்கிறாள். மூடநம்பிக்கையைச் சாடிய படமாகவே அதை நினைவுகூர்கிறோம். அகதியின் படமாகவும் அதைப் பார்க்கவேண்டும். எனினும் அதுவும் வசதியாய் வாழ்ந்த குடும்பத்தின் கதையே; கூலியின் கதை அன்று.

அக்குறையைத் தீர்க்க முயன்றது, குறிஞ்சிவேந்தன் இயக்கிய சயாம்–பர்மா மரண ரயில் பாதை பற்றிய ஆவணப்படம். எழுத்திலோ ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் உள்ளன. கதையில்லாமலா நம் கூலியின் படம் வராதிருக்கிறது? அவன் கதைக்கு மதிப்புண்டென்று நாமே எண்ணாமைதான் காரணம். செல்வர் வீட்டுத் திருமணத்தை நான்கு கேமராக்கள் வைத்துப் படம்பிடிக்கும் சமூகம், இறந்த பாட்டனின் பெயரைக்கூடக் குறித்து வைப்பதில்லை.

ஆதலின் இளைஞர் மன்றங்களும் தொழிற்சங்கங்களும் ஒரு காரியம் செய்யலாம். சிங்கப்பூர் வீழ்ந்த பிப்ரவரி 15-ஐ ஒட்டி, ஆண்டுக்கொரு நாள், ‘குவாய்’ படத்தையும் அந்த ஆவணப்படத்தையும் அடுத்தடுத்துக் காட்டுக. முன்னதில் யார் இல்லை என்பதைப் பின்னதே சொல்லிவிடும். பார்த்தபின், ரயிலுக்குப் போன தம் குடும்பத்தாரின் பெயரையும் தோட்டத்தையும் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். நாளை ஒருவன் படமெடுக்க வரும்போது, முதலில் அவன் கேட்பது அந்தக் குறிப்பேடாகவே இருக்கும்.