மூலையில் கிடந்த கணினி பொதுப் பெட்டகமான கதை

1991 டிசம்பர். கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லுக்கு ஒரு தேவை: தம் டாஸ் கணினியிலிருந்தே யூனிக்ஸ் கணினியின் கோப்புகளைத் திறக்க வேண்டும். அதற்கான கோப்புப் பகிர்வு நெறிமுறையின் விவரம் கையில் இல்லை. வலையில் ஓடிய தரவுப் பொட்டலங்களைக் கவனித்தே அதைப் புரிந்துகொண்டு நிரல் எழுதினார். 1992 ஜனவரியில் இலவசமாக வெளியிட்டார்.

அந்த நெறிமுறையின் பெயர் எஸ்எம்பி. எஸ், எம், பி எழுத்துகள் வரிசையாக வரும் சொல்லைத் தேடியபோது அந்நிரலுக்குப் பின்னாளில் கிடைத்த பெயர்தான் ‘சாம்பா’.

2005-இல் பிரான்ஸின் ஒலிவியே கோஷார்-லப்பே, ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் சாம்பாவைச் சேர்த்து ‘ஃப்ரீநாஸ்’ என்ற கோப்புச் சேமிப்பக மென்பொருளை உருவாக்கினார். பழைய கணினியில் அதை நிறுவியபின் திரையும் விசைப்பலகையும் தேவைப்படவில்லை. வேறொரு கணினியின் உலாவி வழியே நிர்வகிக்க முடிந்தது. ஒதுக்கிவைத்த கணினி, வீட்டில் எல்லோருக்கும் பொதுவான சேமிப்பகமானது.

பழைய கணினியை எடைக்குப் போடுமுன் ஒருமுறை யோசியுங்கள்.