காந்த ஊசி காத்த வரலாறு

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில், தாயகத்துக்கும் தோட்டப்புறத்துக்கும் இடையே சிற்றலை வானொலி பாலமாக விளங்கிய காலம் ஒன்று உண்டு. சில இரவுகளில் தமிழ்க்குரல் தேய்ந்து இரைச்சலே மிஞ்சும். வானொலிப் பெட்டியைக் குறை கூறியோர் பலர். சிற்றலையைத் திருப்பி அனுப்புவதோ, நூறு கிலோமீட்டருக்கும் மேலே உள்ள அயனி மண்டலம். அது கலங்குவதற்குரிய காரணங்களுள் ஒன்று, தொலைவிலுள்ள துருவ வானத்தோடு தொடர்புடையது.

கதிரவனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைக் கலக்குகின்றன. அப்புலத்தில் விரைவு பெற்ற துகள்கள் துருவப் பகுதிகளில் இறங்கி, ஆக்சிஜனோடும் நைட்ரஜனோடும் மோதும்போது பச்சையும் செம்மையுமாகத் துருவ ஒளி எழுகின்றது. கண்ணுக்கு அது விருந்து. மேல் வளிமண்டலத்துக்கோ பெருங்கலக்கம். வலிய மின்னோட்டங்கள் பாய்வதால் அங்குள்ள காற்று சூடேறி மேல்நோக்கி விரிகின்றது. அக்கலக்கம் அலையலையாய் நிலநடுக்கோடு வரை பரவுகின்றது.

1859ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், ஆங்கிலேய வானியலார் காரிங்டன் கதிரவன்மீது பேரொளி வெடிப்பொன்றைக் கண்டார். மறுநாள் பம்பாய்க் கொலாபா ஆய்வகத்தில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா அளவுக்கு வீழ்ந்தது பதிவாயிற்று. கருவியின் அருகிருந்து அளவுகளைக் குறித்து வைத்தோரின் உழைப்பால், அப்புயலின் வலிமையை இன்றும் கணிக்க முடிகின்றது.

நம் வட்டாரத்திலும் அத்தகைய ஆய்வகம் ஒன்று இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய அவ்வாய்வகத்தில், சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த எலியட் 1841 முதல் 1845 வரை சிங்கப்பூரில் காந்த அளவுகளைப் பதிவு செய்தார். பின்னர் அப்பணி நின்றது. 14 ஆண்டுகள் கழித்துப் பெரும்புயல் வந்தபோது, அதனைக் குறிக்க அங்கே அந்த ஆய்வகம் இல்லை.

இவை பழங்கதைகள் அல்ல. 2022 பிப்ரவரியில் எழுந்த ஒரு சிறு காந்தப் புயலால் மேல் வளிமண்டலம் அடர்ந்தது. அப்போது புதிதாக ஏவப்பட்ட 49 செயற்கைக்கோள்களுள் 38 காற்றின் உராய்வால் கீழிறங்கி அழிந்தன. இத்தகைய இழப்புகளை முன்னறிந்து தவிர்க்க, பழைய பதிவுகளும் துணைபுரிகின்றன.

பதிவு அறுந்தால் வரலாறும் அறுந்துபோகும். ஈப்போவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. அங்கிருந்த பள்ளிகளின் பழைய பதிவேடுகள் கரையானுக்கு இரையாகலாமா? கொலாபாவில் குறித்தவர்கள், தம் எண்கள் பிற்காலத்தில் யாருக்கு உதவும் என்று அறிந்திருக்க இயலாது, எனினும் குறித்தனர். மாணவரும் ஆசிரியரும் கைக்கொள்ள வேண்டிய நெறி அதுவே.