பிளாஸ்மா டிவியும் அப்பாவின் நாற்காலியும்

2008-ல், பெங்களூர் வந்த புதுசில், தவணை போட்டு 42 இன்ச் பிளாஸ்மா டிவி வாங்கினேன். ஊரிலிருந்து வந்த அப்பா ரெண்டு நாள் பார்த்தார். மூணாம் நாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். கண்புரையோ என்று பயந்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணில் ஒண்ணுமில்லை என்றார். அப்புறம்தான் அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்து பார்த்தேன். டிவியில் பால்கனிதான் தெரிந்தது, கொடியில் காயும் அப்பாவின் வேட்டியோடு!

இந்தக் கண்ணாடிக்கு ஒரு கதை உண்டு. பிளாஸ்மா திரையை 1964-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் வில்சன் மூவரும் உருவாக்கினார்கள். டிவிக்காக இல்லை, 'பிளேட்டோ' என்ற கம்ப்யூட்டர் வழிக் கல்வித் திட்டத்துக்காக. அப்போது ஆரஞ்சு நிறம் மட்டும்தான். பெரிய கலர் டிவியாக அது கடைக்கு வர 1990-கள் ஆயிற்று.

ரெண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே லட்சக்கணக்கான குட்டி அறைகள், அதற்குள் நியான், செனான் வாயு. கரண்ட் பாய்ந்தால் புற ஊதாக் கதிர் கிளம்பி, பாஸ்பர் பூச்சில் பட்டு வெளிச்சமாகும். நம்ம டியூப்லைட் மாதிரிதான். வாயுவை அடைத்து வைக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி என்றால் எதிரில் இருப்பது தெரியத்தான் செய்யும். போதாததற்கு வெளிர் நிற பாஸ்பரில் பகல் வெளிச்சம் பட்டால் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். பயனியர் 2007-ல் 'கூரோ' கொண்டுவந்தது. ஜப்பானிய மொழியில் கறுப்பு என்று அர்த்தம்! ஆனாலும் 2009-ல் டிவி தொழிலையே விடுவதாக அறிவித்தது. எல்சிடி பகலிலும் பளிச்சென்று தெரிந்தது, விலையும் இறங்கியது. 2013 கடைசியில் பானசோனிக்கும், 2014-ல் சாம்சங், எல்ஜியும் பிளாஸ்மாவை நிறுத்திவிட்டன.

பழைய டிவியிலும் கண்ணாடிதானே? இதே பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் கறுப்பு வெள்ளை டிவிக்குப் பிக்சர் டியூப் செய்த காலம் உண்டு. ஆனால் அப்போது நாம் டிவி பார்த்தது பெரும்பாலும் சாயங்காலம்தான். வெயிலோடு சண்டையே இல்லை. 1987-ல் ஞாயிறு காலை ராமாயணம் வந்தபோது மட்டும் அப்பா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்.

இங்கே வாடகை வீட்டில் பிளக் பாயிண்ட் எங்கேயோ அங்கேதான் டிவி. எங்களுக்கு அது பால்கனிக்கு நேர் எதிர். எக்ஸ்டென்ஷன் போட்டுப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினேன். கெட்டித் துணியில் திரைச்சீலை மாட்டினேன். சோபாவுக்குப் பின்னால் இருந்த டியூப்லைட்டை அணைத்து, டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு வைத்தேன். நீங்களும் டிவியை அணைத்துவிட்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். திரையில் என்ன தெரிகிறதோ அதை மறைத்தால் போதும். இப்போது வரும் டிவிக்கும் இதே வைத்தியம்தான்.

"ஏம்ப்பா சொல்லலை?" என்று கேட்டேன்.

"கடன் போட்டு ஆசையா வாங்கியிருக்கே. குத்தம் சொல்லுவானேன்னு இருந்துட்டேன்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் நாற்காலி திரும்பியது.