தகவல் தொழில்நுட்பச் சேவை மேலாண்மை

தகவல் தொழில்நுட்பச் சேவை மேலாண்மை என்பது, கணினிகளையும் வலையமைப்புகளையும் சார்ந்து இயங்கும் ஒரு நிறுவனம், அவற்றைத் தனித்தனிக் கருவிகளாகக் கருதாமல் பயனருக்கு வழங்கப்படும் சேவைகளாகக் கருதித் திட்டமிட்டு நடத்தும் முறை ஆகும். வங்கி வாடிக்கையாளர் ஒருவருக்கு வழங்கியின் வேகம் முக்கியமன்று. தேவையானபோது பணம் எடுக்க முடிகிறதா என்பதே முக்கியம். இப்பார்வையே இத்துறையின் அடிப்படையாகும்.

வரலாறு

1980களில் பிரித்தானிய அரசின் மத்திய கணினி, தொலைத்தொடர்பு முகமை, அரசுத் துறைகளின் கணினிப் பிரிவுகள் பின்பற்றத்தக்க நடைமுறைகளைத் தொகுக்கத் தொடங்கியது. இது ஐ.டி.ஐ.எல். (தகவல் தொழில்நுட்ப உட்கட்டமைப்பு நூலகம்) எனும் நூல் வரிசையாக வெளிவந்தது. இதன் மூன்றாம் பதிப்பு 2007 இலும் நான்காம் பதிப்பு 2019 இலும் வெளியாயின. இத்துறைக்கான அனைத்துலகச் சீர்தரமான ஐ.எசு.ஓ/ஐ.ஈ.சி 20000, 2005 இல் வெளியிடப்பட்டது. ஐ.டி.ஐ.எல். சான்றிதழ் தனிநபர்களுக்கும், ஐ.எசு.ஓ. சான்றிதழ் நிறுவனங்களுக்கும் வழங்கப்படுகின்றன.

முதன்மைக் கோட்பாடுகள்

- சேவை நிலை உடன்பாடு: சேவை எந்நேரம் கிடைக்க வேண்டும், பழுதானால் எவ்வளவு நேரத்தில் சீராக வேண்டும் என்பவற்றை அளவிடத்தக்க வகையில் முன்னரே வரையறுத்தல்.
- இடையூறு மேலாண்மை: தடைப்பட்ட சேவையை இயன்ற விரைவில் மீட்டல்.
- சிக்கல் மேலாண்மை: இடையூறுகளின் மூல காரணத்தைக் கண்டறிந்து நீக்குதல். உறைந்துபோன வழங்கியை மீளத் தொடக்குவது இடையூற்றைத் தீர்க்கும். அது ஏன் உறைந்தது எனக் கண்டறிவது சிக்கலைத் தீர்க்கும்.
- உருவமைவு மேலாண்மை: எந்த வழங்கியில் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு உள்ளது என்பதைப் பதிவு செய்தல்.
- மாற்ற மேலாண்மை: ஒவ்வொரு மாற்றத்தையும் சோதித்து, மற்றொருவர் சரிபார்த்து, பின்வாங்கும் வழியையும் வகுத்த பின்னரே நடைமுறைப்படுத்தல்.

எடுத்துக்காட்டு

இக்கோட்பாடுகள் தவறினால் விளைவது என்ன என்பதற்கு அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேப்பிட்டல் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. 2012 இல் அந்நிறுவனம் தன் எட்டு வழங்கிகளில் புதிய நிரலை நிறுவியபோது ஒரு வழங்கி விடுபட்டது. மற்றொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து வடிவ நடைமுறை அங்கு இல்லை. விடுபட்ட வழங்கியில் பல ஆண்டுகளாகப் பயன்படாதிருந்த பழைய நிரற்பகுதி, ஆகத்து 1 அன்று உயிர்பெற்று, கட்டுப்பாடின்றிப் பங்குகளை வாங்கி விற்றது.

சந்தை திறக்கும் முன்பே பிழையைச் சுட்டி 97 தன்னியக்க மின்னஞ்சல்கள் வந்திருந்தன. எச்சரிக்கையாக வடிவமைக்கப்படாததால் அவை கவனிக்கப்படவில்லை. பிழையைத் திருத்த முயன்றோர், சரியாக இயங்கிய ஏழு வழங்கிகளிலிருந்தும் புதிய நிரலை நீக்கியதால் நிலைமை மேலும் மோசமடைந்தது. ஏறத்தாழ 45 நிமிடங்கள் நீடித்த இவ்வணிகத்தால் 46 கோடி டாலருக்கும் மேல் இழப்பு ஏற்பட்டது. 2013 இல் நைட் கேப்பிட்டல் கெட்கோ நிறுவனத்துடன் இணைந்து தன் தனித்தன்மையை இழந்தது.

விமர்சனங்கள்

ஒவ்வொரு மாற்றத்திற்கும் குழுவின் ஒப்புதல் பெறுவது பணியைத் தாமதப்படுத்துகிறது என்பது இம்முறை மீதான முதன்மையான குறையாகும். சிறு மாற்றங்களைத் தன்னியக்கச் சோதனையுடன் அடிக்கடி வெளியிடும் டெவ்ஆப்ஸ் முறை 2009 இற்குப் பின் பரவியது. எனினும், சோதனையும் சரிபார்ப்பும் அதிலும் கைவிடப்படவில்லை. அவற்றில் பெரும்பகுதியை மனிதருக்குப் பதிலாக நிரல்களே செய்கின்றன.