கன உலோகங்களும் மார்பகப் புற்றுநோயும்: கொள்ளேகால் பிரதேசத்தை முன்னிட்டு

காட்மியம், ஈயம், பாதரசம், குரோமியம், நிக்கல் முதலிய கன உலோகங்களும், அவற்றோடு சேர்த்தே எண்ணப்படும் ஆர்சனிக் என்னும் பாஷாணமும், நீர், உணவு, காற்று, புகை ஆகியவற்றின் வழியே மனித தேகத்தில் சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஸ்திரீகளுக்கு மார்பகப் புற்றுநோய் உண்டாவதற்கு ஒரு காரணமாகக் கூடுமா என்பது, முப்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டுவரும் விஷயம். சம்பந்தம் உண்டென்று அறுதியிடும் நிரூபணம் இன்னும் கிட்டவில்லை; சந்தேகத்தை ஒதுக்கிவிடவும் இடமில்லை.

1956 நவம்பர் 1 வரை சென்னை ராஜ்யத்தின் கோயம்புத்தூர் ஜில்லாவில் ஒரு தாலுகாவாக இருந்து, பின்னர் மைசூர் ஜில்லாவிலும், 1997 முதல் சாமராஜநகர் ஜில்லாவிலும் அடங்கிய கொள்ளேகால், பழைய சென்னை மாகாணத்தில் பட்டுப்புழு வளர்ப்புக்குப் பிரதான ஸ்தலமாக விளங்கியது. பட்டு நூலும் பட்டுச் சேலையும் இன்றும் அதன் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகின்றன. பட்டுக்குச் சாயமேற்றும் தொழிலில் உலோகங்களுக்கு நெடுநாளைய இடமுண்டு. சாயம் நூலில் உறுதியாகப் பற்றுவதற்குக் குரோமிய உப்புகளைச் சேர்ப்பதும், குரோமியமோ கோபால்ட்டோ தம் அமைப்பிலேயே பிணைந்துள்ள சாயங்களைக் கையாளுவதும் உலகெங்கும் வழக்கத்தில் இருந்துவந்தவை. இவற்றுள் சாயத்தோடு பிணைந்த குரோமியத்தைவிட, டைகுரோமேட் உப்பில் உள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமே கொடியது. ஆகையால் கொதிக்கும் சாயத் தொட்டியருகே வெறுங்கையோடு நிற்கும் தொழிலாளிக்கு எந்தச் சரக்கு தரப்படுகிறது என்பதை அறிந்து சொல்லவேண்டிய கடமை பட்டறை முதலாளிக்கு உண்டு.

நீரின் கதையும் இதனோடு சேர்ந்ததே. நஞ்சன்கூட்டின் தொழிற்பேட்டையருகே வரும் கபினி, திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலந்தபின்னரே, காவிரி கொள்ளேகால் பக்கம் வருகிறது. மத்திய நீர் ஆணையம் கொள்ளேகாலில் காவிரியின் ஓட்டத்தை அளக்கும் நிலையம் வைத்திருப்பதோடு, இந்திய நதிகளில் கலந்துள்ள நுண்ணளவு உலோகங்களைப் பற்றிய அறிக்கைகளையும் வெளியிட்டுவருகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்குக் காட்மியம் 0.003 மில்லிகிராமுக்கும், ஈயமும் ஆர்சனிக்கும் தனித்தனியே 0.01 மில்லிகிராமுக்கும், மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்பது 2012ஆம் ஆண்டின் இந்திய நியமம். இந்த அளவுகள் நிறமாகவோ ருசியாகவோ வெளிப்படுவதில்லை. பரிசோதனைச் சாலை ஒன்றினாலேயே அவற்றை அறியலாகும்.

கன உலோகங்களுள் மார்பகத்தோடு மிக நெருங்கிய சம்பந்தம் உடையதாகச் சந்தேகிக்கப்படுவது காட்மியம். ஒருமுறை சிறுநீரகத்தில் தங்கிய காட்மியத்தில் பாதி வெளியேறுவதற்கே பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை செல்லும். எனவே இளமையில் சேர்ந்தது முதுமை வரை கூடவே வரும். 1994இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், மார்பகப் புற்று அணுக்களைச் சோதனைக் குழாயில் வளர்த்து, அவற்றோடு மிகச் சிறிதளவு காட்மியத்தைச் சேர்த்தபோது, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பு செய்யும் காரியங்களை அவ்வுலோகமும் செய்வதைக் கண்டனர். 2003இல் கருப்பை வளர்ச்சியும் பால்சுரப்பி வளர்ச்சியும், சூலகம் நீக்கப்பட்ட எலிகளிடம் காட்மியத்தால் தூண்டப்படுவதை அக்குழுவினர் காட்டியதோடு, கர்ப்பத்தில் காட்மியம் பெற்ற தாயெலியின் பெண்குட்டிகள் காலத்துக்கு முன்பே பருவமடைவதையும் பதிவுசெய்தனர். மார்பகப் புற்றுநோயில் பெரும்பகுதி ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்து வளர்வது ஆகையால், அச்சுரப்பின் வேடத்தைப் பூணும் இத்தகைய உலோகங்களுக்கு ‘உலோக ஈஸ்ட்ரோஜன்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று.

எனினும் சோதனைக் குழாயிலும் எலியிலும் கண்டது மக்களிடையே அவ்வண்ணமே நிகழ்கிறதா என்பதில்தான் சாட்சியங்கள் பிளவுபடுகின்றன. 2006இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த ஆய்வில், சிறுநீரில் காட்மியம் மிகுந்திருந்த ஸ்திரீகளுக்கு, குறைந்திருந்தவர்களைவிட இந்நோய் இரு மடங்குக்குச் சற்று மேலான அளவில் காணப்பட்டது. சுவீடனில் மாதவிடாய் நின்ற ஏறத்தாழ 56,000 ஸ்திரீகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வு, உணவில் மிகுதியாகக் காட்மியம் உட்கொண்டோரிடம் நோய் 21 சதவீதம் கூடியிருப்பதாகக் கூறியது. ஆயினும் ஜப்பானிலும் டென்மார்க்கிலும் நடந்த பெரிய ஆய்வுகள் இத்தகைய சம்பந்தம் எதையும் காணவில்லை. நோய் வந்தபின் எடுக்கப்பட்ட சிறுநீரின் அளவு நோய்க்குக் காரணத்தைக் காட்டுகிறதா, நோயின் விளைவைக் காட்டுகிறதா என்பதையும், உணவிலிருந்து கணக்கிட்ட அளவு உண்மை அளவுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதையும் நிர்ணயிப்பது எளிதன்று. இக்கணக்கில் புகையிலையும் குறுக்கிடுகிறது. மைசூர் ஜில்லாவின் ஹுன்சூர், பெரியபட்டணம் பகுதிகளிலும் பயிராகும் இச்செடி, மண்ணிலுள்ள காட்மியத்தைத் தன் இலைக்குள் ஈர்த்து வைக்கும் சுபாவமுடையது. ஆகையால் புகைப்போரின் தேகத்தில் காட்மியம் மிகுந்திருக்கும்போது, குற்றம் உலோகத்துடையதா, புகையின் ஏனைய விஷங்களுடையதா என்று பிரித்தறிவது கடினம்.

ஆர்சனிக்கின் வரலாறோ வியப்புக்குரியது. சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டா நகரில் 1958 முதல் 1970 வரை ஆர்சனிக் மிகுந்த நீர் குடிநீராக வழங்கப்பட்டு, பிற்காலத்தில் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுகளால் ஏராளமானோர் மடிந்தனர். ஆனால் அந்நீர் வழங்கப்பட்ட காலத்தில் அங்கே மார்பகப் புற்றால் இறந்தோர் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்ததென்று 2014இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஒரு விஷம் ஓர் உறுப்பைக் கெடுக்கும் அதே சமயத்தில் மற்றோர் உறுப்பில் வேறு விதமாக நடந்துகொள்ளலாம் என்பதற்கு இது சான்றேயன்றி, பாஷாணம் கலந்த நீரை யாரும் பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஆதாரமன்று. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் காட்மியம், ஆர்சனிக், ஆறு இணைதிறன் குரோமியம், நிக்கல் சேர்மங்கள் ஆகியவற்றை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பனவற்றின் முதல் வகுப்பில் வைத்திருப்பது, நுரையீரல் முதலிய வேறு உறுப்புகளை ஆதாரமாகக் கொண்டே.

மார்பகப் புற்றுக்கு ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ள காரணங்கள் வயது, குடும்ப வழி, முதற்பேறு தாமதித்தல், மாதவிடாய் நின்றபின் உடல் பருத்தல், மதுபானம் முதலியவையே. 2022இல் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்டவை சுமார் 1,92,000 என மதிப்பிடப்படுகிறது. இந்நாட்டு ஸ்திரீகளிடம் மிகுதியாகக் காணும் புற்று இதுவே.

முப்பது வயது முதல் அறுபத்தைந்து வரையுள்ள ஸ்திரீகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை செய்யவேண்டும் என்பது மத்திய அரசின் திட்டம். சாயப்பட்டறையிலும் தறியிலும் வேலைசெய்யும் கொள்ளேகால் ஸ்திரீகள், உலோகத்தின் மேல் சந்தேகம் தீரும்வரை காத்திராமல் இப்பரிசோதனையை அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறவேண்டும்; மார்பில் வலியற்ற கட்டி தென்பட்டால், வலி இல்லையே என்று தாமதிக்காமல் அந்த வாரமே வைத்தியரிடம் காட்டவேண்டும்.