கலாசாலையும் விடுதியும்

பிள்ளையை எந்தக் கலாசாலையிற் சேர்ப்பது என்னும் வினா, ஆண்டுதோறும் வைகாசி பிறந்ததும் நம்மவர் இல்லங்களில் எழுவது வழக்கம். கலாசாலையின் பெயர், ஆசிரியர் தகுதி, பரீட்சைத் தேர்ச்சி இவற்றை ஆராய்ந்தே முடிவு செய்கின்றோம் என்று நாம் சொல்லிக்கொள்வதுண்டு. சரித்திரத்தை நோக்கின் அது பாதி உண்மையே ஆகும். நமது கொங்குநாட்டில் நெடுங்காலம், பையன் எங்கே உண்பான், எவரோடு தங்குவான் என்பதே முதற் கேள்வியாயிருந்தது. கலாசாலை அதன் பின்னரே வந்தது.

கோயமுத்தூரில் 1852-ஆம் ஆண்டில் பள்ளிக்கூடமாகத் தோன்றிப் பின்னர்க் கல்லூரியாக வளர்ந்த அரசாங்கக் கலாசாலை, நெடுங்காலம் இரண்டாந்தரக் கலாசாலையாகவே நடந்து வந்தது. எப். ஏ., பிற்காலத்தில் இன்டர்மீடியட், அவ்வளவே அங்குக் கற்கலாம். பி. ஏ. பட்டம் வேண்டுவோர் மேற்கே நொய்யலையும் கிழக்கே காவிரியையும் விட்டு, திருச்சிராப்பள்ளிக்கோ சென்னைக்கோ புறப்பட வேண்டும். திருச்சியில், நாகப்பட்டினத்தில் 1844-ல் தோன்றி 1883-ல் அங்குப் பெயர்ந்த அர்ச். சூசையப்பர் கல்லூரி இருந்தது. சென்னையில் ராஜதானிக் கல்லூரி, கிறிஸ்தவக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி முதலியன இருந்தன. தாராபுரத்திலோ காங்கயத்திலோ கம்பும் சோளமும் விளைவிக்கும் குடியானவர் ஒருவர், இவற்றின் தராதரங்களை எங்ஙனம் அறிவார்? அவர் அறிந்தது ஒன்றே: அவ்வூரில் நம்மவர் யாரேனும் இருக்கின்றாரா என்பது.

இது வெறும் பட்டிக்காட்டு அச்சமன்று. அக்காலத்தில் நகரத்துக்கு வந்த ஏழை அந்தணப் பிள்ளைகளுக்கு வாரச் சாப்பாடு என்ற வழக்கம் ஒருவகை ஆதரவாயிருந்தது. நாளுக்கொரு வீடாக உண்டு படித்துக் கரையேறியவர் பலர். உழவர், நெசவாளர், வணிகர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவ்வாறு இலை போடுவார் எவருமிலர். ஊரிலிருந்து அரிசி மூட்டை வந்தாக வேண்டும். உறவினர் வீட்டுத் திண்ணையோ மண்டியின் மாடியோ கிடைத்தாக வேண்டும். தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு அத்திண்ணையும் இல்லை என்பதை நாம் மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

இக்குறையைப் பெரிய அளவில் முதலிற் கண்டு தீர்க்க முயன்றவர்களுள் கோலாப்பூர் சாகு மகாராஜரைக் குறிப்பிட வேண்டும். அவர் 1901-ல் மராத்தியர் பிள்ளைகளுக்கு விக்டோரியா விடுதியை ஏற்படுத்தினார். தொடர்ந்து சமணர், லிங்காயத்தர், முகம்மதியர், தீண்டப்படாதார் எனப்பட்டோர் ஆகிய பலருக்கும் அந்நகரில் விடுதிகள் தோன்றின. சுற்றுப்புறக் கிராமத்தார் பிள்ளைகளைக் கோலாப்பூருக்கு அனுப்பத் துணிந்தமைக்கு, அங்கிருந்த ராஜாராம் கல்லூரியின் பெயரினும் இவ்விடுதிகளின் சோறே பெருங்காரணம் என்பது எமது கருத்து. அவ்வூரிற் பயின்ற பாவுராவ் பாட்டீல், 1924-ல் சதாராவில் தாம் நிறுவிய விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் அமர்த்தினார். வகுப்புக்கொன்றாக விடுதி அமைந்த ஊரைக் கண்டவரே அடுத்த படியையும் எடுத்து வைத்தார்.

தமிழ்நாட்டிலும் சமூகச் சங்கங்கள் இவ்வழியே சென்றன. 1910-ல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம் மாணாக்கருக்குக் கல்விக் கடனுதவி அளித்துப் பலரை முன்னேற்றியது. பிற மரபினரும் பணம் திரட்டி விடுதிகள் கட்டினர். விடுதி எழுந்த ஊரிலுள்ள கலாசாலைக்கு அம்மரபினர் பிள்ளைகள் கூட்டமாய்ச் சென்றனர். ஒருவன் சென்றால் அவன் தம்பியும், தம்பியின் பின் மைத்துனனும் சென்றனர். ஊர்க் கிணற்றுக்கு ஒற்றையடிப் பாதை விழுவது போலவே கலாசாலைக்கும் பாதை விழுந்தது.

ஆனால் பந்தி என்பது எளிய விஷயமன்று. 1922-ல் வ. வே. சு. ஐயர் சேரமாதேவியில் தொடங்கிய குருகுலத்தில், இரு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே உணவளித்தமை பெருங்கிளர்ச்சிக்கு இடமாயிற்று. காங்கிரஸ் கமிட்டி ரூ. 10,000 நன்கொடை வாக்களித்து ரூ. 5,000 கொடுத்திருந்த நிறுவனம் அது. வரதராஜுலு நாயுடுவும், ஈரோட்டிலிருந்து சென்று காங்கிரஸ் காரியதரிசியாய் விளங்கிய ஈ. வே. ராமசாமியாரும் அதை எதிர்த்தனர். 1925-ல் ஈ. வே. ரா. காங்கிரஸை விட்டு விலகியதற்கு வகுப்புரிமைத் தீர்மானமே நேர்க் காரணமெனினும், குருகுலத்துப் பந்தியும் அதற்கு வழிகோலியது. விடுதியின் அடுக்களை ஒரு மாகாண அரசியலையே அசைத்தது.

இனி, அமெரிக்காவைச் சிறிது நோக்குவோம். அங்குக் கலாசாலை மாணாக்கர், கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட சகோதர சங்கங்களில் கூடுவர். பை பீட்டா கப்பா 1776-ல் தோன்றியது. பெண்களுக்கும் அவ்வாறே சங்கங்கள் உண்டு. அங்கு முதலிற் கலாசாலை, பிறகு சங்கம். சங்கத்தார் புதியவரைப் பார்த்துத் தெரிந்தெடுப்பர். நம்மிடத்தோ சங்கம் முந்தியது, பிறப்பே அனுமதிச் சீட்டு. ஆயினும் 1906-ல் கார்னெல் சர்வகலாசாலையில் கறுப்பின மாணாக்கர் ஆல்பா பை ஆல்பாவை அமைத்ததும், 1908-ல் ஹோவர்டில் அவ்வினப் பெண்கள் ஆல்பா கப்பா ஆல்பாவை அமைத்ததும் நமது விடுதிகளின் வரலாற்றுக்கு நெருங்கியவை. தனித்து நின்றவர் துணை தேடியதே அவற்றின் தோற்றம். (சென்னைத் தாய்க்குப் பிறந்து அமெரிக்க உபஜனாதிபதியான கமலா ஹாரிஸ் இப்பெண்கள் சங்கத்தில் ஹோவர்டிற் சேர்ந்தவர்.)

பிறப்பைச் சீட்டாகக் கொள்ளாத சங்கமும் நம் நாட்டுப் பிள்ளைகள் கண்டதுண்டு. பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்துச் சி. சுப்பிரமணியம், ஈரோட்டுப் பக்கத்து ம. ப. பெரியசாமித் தூரன், கே. எஸ். ராமசாமிக் கவுண்டர் முதலியோர் கல்லூரி நாளில் வனமலர்ச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, கோபிசெட்டிபாளையத்திலிருந்து ‘பித்தன்’ என்னும் பத்திரிகையை வெளியிட்டனர். செங்கற்பட்டுப் பக்கத்தவரான ஓ. வி. அளகேசனும் அதில் ஒருவர் என்பது கவனிக்கத்தக்கது. சி. சுப்பிரமணியம் 1952 முதல் பத்தாண்டுகள் சென்னை மாகாண மந்திரியாயிருந்தார். தூரன் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மையாசிரியரானார். அக்களஞ்சியத்தை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தை 1946-ல் நிறுவிய தி. சு. அவினாசிலிங்கஞ் செட்டியார், பச்சையப்பனிற் பயின்ற திருப்பூர்க்காரர். அவர் 1930-ல் கோவையில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கியபோதே தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைக்கும் அதில் இடமளித்தார்.

பெண் மக்களைப் பற்றியோ சொல்ல வேண்டுவதில்லை. சென்னை இராணி மேரி கல்லூரி 1914-ல் திறந்தும், கொங்குநாட்டுப் பெண்ணை அத்தனை தூரம் அனுப்பத் துணிந்தவர் சிலரே. கோவையில் நிர்மலா கல்லூரி 1948-லும், ஈரோட்டில் வேளாளர் மகளிர் கல்லூரி 1970-லும் ஏற்பட்ட பின்னரே கதவு அகலத் திறந்தது. பகடிவதையைத் தடுக்க 1997-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததையும் இங்கு நினைக்க வேண்டும். மூத்த மாணாக்கருள் நம் ஊரான் ஒருவன் இருந்தால் நன்று என்று பெற்றோர் எண்ணியதற்கு அவ்வச்சமும் ஒரு காரணம்.

பெருந்துறையில் 1984-ல் கொங்கு பொறியியற் கல்லூரி எழுந்தது முதல், கலாசாலையே நம் ஊர்களைத் தேடி வருகின்றது. ஆகவே, நம்மவர் என்பதற்காக மட்டும் ஒரு விடுதியையும் அதையொட்டி ஒரு கலாசாலையையும் தெரிந்தெடுக்கும் அவசியம் குறைந்துவிட்டது. சங்க விடுதிகளில் நான்கிலொரு பங்கு அறைகளையேனும் ஏனைய மரபினர்க்கு, தாழ்த்தப்பட்டோரை முதலிற் கொண்டு, ஒதுக்கலாம் என்பது எமது அபிப்பிராயம். அன்று நமக்கு இலை போட எவருமின்றி நின்றோம். இன்று இலை போடும் இடத்தில் இருக்கின்றோம். இதற்கு மாறான கருத்துடைய அன்பர்கள் எழுதினால், அதையும் இவ்விதழில் வெளியிடச் சித்தமாயிருக்கின்றோம்.

பழைய விடுதிகளில் தங்கிப் பயின்ற பெரியோர்களின் இல்லங்களில் அக்காலத்துக் கூட்டுப் புகைப்படங்களும் சாப்பாட்டுக் கணக்கேடுகளும் இருக்கக்கூடும். கறையான் கொள்ளுமுன் அவற்றின் பிரதிகளைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புமாறு வேண்டுகின்றோம். எந்த ஊரிலிருந்து எத்தனைபேர் எந்தக் கலாசாலைக்குச் சென்றனர் என்பதை அவ்வேடுகளைப் போல் வேறெதுவும் சொல்லாது.