பெங்களூரும் பள்ளிக் கணிப்பொறியும்: ஒப்பந்தங்களின் வழி ஒரு பார்வை

பள்ளிகளில் கருவிகள் நுழைந்த வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வானொலி, தொலைக்காட்சி, கணிப்பொறி, கைப்பேசி என அடுக்கிச் செல்லும் அவ்வரலாற்றில், கருவியை வாங்கியவர் யார், வழங்கியவர் யார், வகுப்பில் அதனை இயக்கும் பொறுப்பு எவரிடம் விடப்பட்டது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களைப் பெங்களூரை மையமாகக் கொண்டு இக்கட்டுரை நோக்குகிறது. இந்தியக் கணிப்பொறித் தொழிலின் தலைநகர் எனப் போற்றப்படும் அந்நகரில், அரசு, அறக்கட்டளை, தனியார் நிறுவனம் ஆகிய மூவகை வழங்குநரையும் ஒருங்கே காண முடிகிறது.

முதற்கட்டத்தில் அரசே கருவியை உருவாக்கியது. அரசே அதனைப் பள்ளிக்கும் வழங்கியது. 1975-76இல் ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களில் நடத்தப்பெற்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனையில் கருநாடகமும் ஒன்றாகும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2004 செப்டம்பர் 20 அன்று எடுசாட் என்னும் கல்விச் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. தமிழக எல்லையை ஒட்டிய சாமராஜநகர் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளுக்கு அதன் வழியே கன்னடப் பாடங்கள் ஒளிபரப்பாயின. அச்செயற்கைக்கோளின் பணி 2010இல் முடிவுற்றது.

எடுசாட்டிற்கு முன்னரே வேறொரு முறை வேரூன்றத் தொடங்கிவிட்டது. 2001ஐ ஒட்டிய ஆண்டுகளில் கருநாடக அரசு மாகிதி சிந்து என்னும் திட்டத்தின்கீழ் ஆயிரம் உயர்நிலைப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைத் தொடங்கியது. கணிப்பொறிகளை நிறுவுதல், பழுது நீக்குதல், கற்பிப்போரை அமர்த்துதல் ஆகியன தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. நடுவண் அரசு 2004இல் தொடங்கிய பள்ளிக் கணிப்பொறித் திட்டத்திலும் இம்முறை இடம்பெற்றது. நிறுவனமே அமைத்து, உடைமையாக வைத்திருந்து, இயக்கி, ஒப்பந்தக் காலம் முடிந்தபின் பள்ளியிடம் ஒப்படைப்பது என்பதே அதன் அமைப்பு. ஆங்கிலத் தலைப்பெழுத்துகளைக் கொண்டு இதனைப் பூட் முறை என்பர்.

இவ்வகை ஒப்பந்தத்தில் எளிதில் அளந்தறியத்தக்கவை கணிப்பொறிகளின் எண்ணிக்கையும் அவை இயங்கிய நாள்களும் ஆகும். கணக்கையும் அறிவியலையும் ஏற்கெனவே கற்பித்து வந்த ஆசிரியர் அவ்வறைக்குள் எதற்காகச் செல்ல வேண்டும் என்பதற்கு ஒப்பந்தத்தில் இடமில்லை. கணிப்பொறி அறை பள்ளிக்குள் அமைந்த தனித்தீவாயிற்று எனலாம். காலம் முடிந்தபோது கருவி பள்ளிக்கு வந்தது. அதனை இயக்கும் அறிவோ பயிற்றுநருடன் வெளியேறியது. பள்ளியிடம் வந்த கருவியும் அதற்குள் பழையதாகிவிட்டிருந்தது.

தமிழகத்தில் இதே முறை வேறொரு துயரத்தை விளைத்தது. 1999 முதல் எல்காட் நிறுவனம் வழியாக மேல்நிலைப் பள்ளிகளில் ஒப்பந்த ஊதியத்தில் அமர்த்தப்பட்ட கணிப்பொறிப் பயிற்றுநர்கள் 2008இல் சிறப்புத் தேர்வின்வழி அரசுப் பணிக்கு ஈர்க்கப்பட்டனர். அத்தேர்வின் தகுதி மதிப்பெண் குறித்த வழக்கின் முடிவில், 2013இல் 652 பேர் பணி இழந்தனர். ஒப்பந்தத்தில் ஒரு செலவினமாக மட்டுமே இடம்பெற்ற ஆசிரியரின் நிலை எத்தகையது என்பதற்கு இது சான்றாகும்.

அறக்கட்டளைகளின் முயற்சி இதனினும் வேறுபட்டது. பெங்களூரில் 2001இல் தோன்றிய அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை, பாடங்களை விளையாட்டு வடிவில் அமைத்த குறுந்தகடுகளைப் பல இந்திய மொழிகளில் உருவாக்கி அரசுப் பள்ளிகளுக்கு வழங்கியது. அந்நகரின் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சார்ந்த உதய் பவார், ஜோயோஜீத் பால், கெந்தாரோ தொயாமா ஆகியோர் ஊரகப் பள்ளிகளில் கண்ட காட்சி ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஒரே கணிப்பொறியைச் சிறார் பலர் சூழ்ந்திருக்க, சுட்டெலி ஒருவர் கையிலேயே இருந்தது, ஏனையோர் பார்வையாளராயினர். ஒரு திரையில் பல சுட்டெலிகள் இயங்கும் மென்பொருளை அவர்கள் 2006இல் முன்வைத்தனர். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை இங்கு நினைவுக்கு வருகிறார். ஆயினும் சட்டாம்பிள்ளை தாம் கற்றதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தார். சுட்டெலி பிடித்தவருக்கு அக்கடமை இல்லை.

அவ்வறக்கட்டளை தன் முயற்சியைத் தானே ஐயுற்றது என்பது இவ்வரலாற்றின் அரிய நிகழ்வு. அதன் தலைமைப் பொறுப்பிலிருந்த அனுராக் பெஹர் 2010இல் எழுதிய கட்டுரையில், கணிப்பொறி மீதான மயக்கம் கல்வியின் உண்மையான சிக்கல்களிலிருந்து கவனத்தைத் திருப்புகிறது என்னும் கருத்தை வெளிப்படையாக வைத்தார். தாம் வழங்கிய பொருளைப் பற்றி இவ்வாறு கூறும் துணிவை விற்பனையாளரிடம் எதிர்பார்க்க இயலாது.

மாற்று வழியொன்றும் அக்காலத்திலேயே இருந்தது. பெங்களூர் விண்வெளி அறிஞர் உ. ரா. ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டிக் கேரளம் 2001இல் ஐடி அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கியது. அங்குப் பள்ளி ஆசிரியர்களே முதன்மைப் பயிற்றுநராயினர். கட்டற்ற மென்பொருள் பின்பற்றப்பட்டது. பெங்களூரின் ஐடி ஃபார் சேஞ்ச் அமைப்பு கேரள முறையையும் பூட் முறையையும் ஒப்பிட்டு, பின்னது ஆசிரியரை விலக்கி நிறுத்துவதைச் சுட்டிக்காட்டியது. அவ்வமைப்பின் துணையுடன் கருநாடக அரசு 2011இல் பாட ஆசிரியர் மன்றங்களைத் தொடங்கியது. ஆசிரியர்கள் தாங்களே கன்னடத்தில் பாடப்பொருள்களை ஆக்கிப் பகிரத் தலைப்பட்டனர். பெங்களூர் அறிஞரின் அறிவுரையைப் பெங்களூர் அரசு பத்தாண்டு கழித்தே நாடியது போலும்.

இதற்கிடையே வாங்குவோரும் மாறினர். ஊரகப் பெற்றோர் கணிப்பொறிக் கல்வியைத் தம் பிள்ளைகளின் சமூக மதிப்போடு இணைத்துக் கண்டனர் என்பதை மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தார் 2007இலேயே பதிவு செய்துள்ளனர். பெற்றோரின் இவ்வேட்கையே அடுத்த சந்தைக்கு நிலைக்களனாயிற்று எனக் கருத இடமுண்டு. 2011இல் பெங்களூரில் பைஜு ரவீந்திரன் நிறுவிய திங்க் அண்ட் லேர்ன் நிறுவனம் 2015இல் பைஜூஸ் செயலியை வெளியிட்டது. பள்ளியையும் அரசையும் கடந்து பெற்றோரிடமே பாடம் நேராக விற்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தமை இவ்வணிகத்தை விரைவுபடுத்தியது. 2022இல் அந்நிறுவனத்தின் மதிப்பு 2,200 கோடி அமெரிக்க டாலராகக் கணிக்கப்பட்டது. 2024 ஜூலை 16 அன்று தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் பெங்களூர் அமர்வு அதன்மீது நொடிப்பு நடவடிக்கையைத் தொடங்க ஆணையிட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஏற்ற சமரசத்தை உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு அக்டோபரில் தள்ளுபடி செய்தது. தீர்ப்பாயத்தை முதலில் நாடிய கடனீந்தோர் பள்ளியோ ஆசிரியரோ அல்லர். இந்திய அணியின் மேலாடையில் நிறுவனத்தின் பெயரைப் பொறித்ததற்கான ஏறத்தாழ 158 கோடி ரூபாய் நிலுவையைக் கோரி வந்த இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியமே அது.